கைக்குப் போதாத பட்டை

சான்ட்டா ரெபெக்கா வாழைத்தோட்டத்தில் அன்று கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் நாள். கொட்டகை வாசலில் கண்டெய்னர் லாரி பின்கதவைத் திறந்துபோட்டு நின்றது. ஆயிரத்து எண்பது அட்டைப்பெட்டிகள், பெட்டிக்குப் பத்தொன்பது கிலோ பச்சை வாழைக்காய். ஏற்றுவதற்குப் பத்து லோடுமேன்கள். தொட்டியில் காய் கழுவும் பெண்கள் முழங்கை வரை நனைந்திருந்தார்கள். லோடுமேன்கள் தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தார்கள், அது தொட்டித் தண்ணீர் அல்ல.

நெரெய்தா மடக்குமேசையை இடுக்கிக்கொண்டு நாற்பது நிமிடமாக நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய வெள்ளைக் கோட்டில் வாழைப்பால் ஒரு சொட்டு விழுந்து, காய்ந்து, கறுத்தும் விட்டது. அந்தக் கறை இனி அந்தக் கோட்டின் ஆயுள் முடிந்தாலும் போகாது. அவளோடு படிக்கும் காலோ மருந்துக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. கறை பட்டுவிடாமல் தூணுக்குப் பின்னால் நின்றான்.

கடைசி வருடப் பார்மசி மாணவர்கள் நூற்று அறுபது மணி நேரம் ஊருக்குச் சேவை செய்தால்தான் பட்டம். செப்டம்பர் இதயத்துக்கான மாதம்; இதயத்தைப் பற்றிப் பேச வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும். மற்றவர்கள் மச்சாலா நகரத்து ஏசி அங்காடிக்குப் போனார்கள். நெரெய்தா இந்தத் தோட்டத்தைக் கேட்டு வாங்கினாள். அவள் அம்மா அல்பா இருபத்திரண்டு வருடம் இந்தத் தொட்டியில்தான் காய் கழுவினாள். அம்மாவின் அண்ணன் செனோபியோ இன்னும் இங்கேதான் பெட்டி ஏற்றுகிறார்.

செனோபியோவின் கையைப் பற்றி ஊரில் பல கணக்கு உண்டு. ஒரு தரம் மூன்று பெட்டி தூக்குவார் என்பார்கள். திருவிழா முடிந்த வாரத்தில் அது ஐந்தாகிவிடும். அவர் சட்டைக்குக் கை தைக்க மறுத்து ஒரு தையல்காரன் ஊரைவிட்டே போய்விட்டான் என்றும் சொல்வார்கள். புஜத்தில் உட்கார்ந்த ஈ சுற்றிவந்து புறப்பட்ட இடத்தைச் சேர அரைநாள் ஆகும். இருபத்தேழு வருடப் பெட்டிகள் சேர்ந்து செய்த கை அது.

தோட்டத்து மேலாளர் ஃபெய்ஹோவை எல்லோரும் இன்ஜினியர் என்பார்கள். அவர் என்ன படித்தார் என்று யாரும் கேட்டதில்லை. கையில் கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம். லாரி நாலு மணிக்குத் துறைமுகத்துல நிக்கணும்."

"சார், பிரஷர் பாக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் உக்கார வைக்கணும். பேசாம, காலைத் தரையில வச்சு, முதுகைச் சாய்ச்சு..."

"உக்காரணுமா? பாப்பா, இங்க உக்காந்தவனை நான் வீட்டுக்கு அனுப்பிடுவேன். தோட்டத்தைச் சோதிக்க வெளிநாட்டுலேருந்து சர்ட்டிபிகேட்காரங்க வரப்போறாங்க, தொழிலாளிக்கு உடம்பு பாத்தோம்னு அவங்களுக்குக் காட்டணும். அதுக்குத்தான் உங்களை உள்ள விட்டேன். ரெண்டு நிமிஷம்."

காலோ தூணில் சுவரொட்டியை ஒட்டினான். பல்கலைக்கழகத்தில் அச்சடித்தது. சிவப்பு இதயம், அதற்குக் கையும் காலும் முளைத்துச் சிரித்தது. பக்கத்தில் பெரிய எழுத்தில்: தினம் ஒரு வாழைப்பழம், இதயத்துக்கு நல்ல பலம்.

லோடுமேன் வாஷிங்டன் பெட்டியைத் தோளில் வைத்தபடியே நின்று, எழுத்துக் கூட்டிப் படித்தான். தொட்டிப் பெண்களுக்கும் கேட்கும்படி இரண்டாம் முறை சத்தமாகப் படித்தான்.

"அடடா, நமக்கு இத்தனை நாளா தெரியாமப் போச்சே. இந்த வாழைப்பழம் எங்க கிடைக்கும் தாயி?"

தொட்டிப் பக்கம் சிரிப்பு வெடித்தது. வாஷிங்டன் விடவில்லை. "போன மாசம் ஒருத்தன் உதிர்ந்த காய் ரெண்டைப் பைக்குள்ள போட்டான். அவன் இதயத்துக்கு அப்பவே இன்ஜினியர் வைத்தியம் பாத்து வீட்டுக்கு அனுப்பிட்டாரு."

"உப்பையும் குறைக்கணும் அண்ணே," என்றாள் நெரெய்தா. மனப்பாடம் செய்தது தானாக வந்துவிட்டது.

"உப்பா? ஒரு கண்டெய்னர் ஏத்தி இறங்கினா என் சட்டையைப் பிழிஞ்சு நீ மீன் சூப்பு வைக்கலாம். உள்ள உப்பு எங்க இருக்கு குறைக்கிறதுக்கு?"

"ஊசி போட வந்திருக்காங்களா?" என்றான் இன்னொருவன்.

"நம்ம ரத்தத்தை எடுத்து விக்கத்தான்."

"அதுல வாழைப்பால்தான் வரும், எவன் வாங்குவான்?"

இன்ஜினியர் கைதட்டினார். சிரிப்பு நின்றது. ஒவ்வொருவராகப் பெட்டியை இறக்கிவிட்டு ஓடிவந்தார்கள். நாற்காலியில் பாதிப் பிட்டம் படுமுன் கையை நீட்டினார்கள். நெஞ்சு தோல்துருத்தி போல ஏறி இறங்கியது. முதல் மூவர் போன வருடம் சேர்ந்த பையன்கள், குச்சிக் கை. பிரஷர் மிஷினின் பட்டை அவர்கள் புஜத்தைச் சுற்றி ஒழுங்காக உட்கார்ந்தது. அடுத்தவர்களுக்கு உட்காரவில்லை. காற்று ஏற ஏறப் பட்டையின் ஒட்டுத்துணி பர்ரென்று பிய்ந்துகொண்டது. ஒவ்வொரு முறை பிய்ந்தபோதும் தொட்டிப் பெண்கள் கைதட்டினார்கள்.

"பெரிய பட்டை வேணும் காலோ. சின்னதுல பாத்தா நம்பர் ஏத்தித்தான் காட்டும்."

"பெரியது டிபார்ட்மெண்ட் அலமாரில இருக்கு. லேப்காரம்மா தரமாட்டாங்க, தெரியும்ல?"

செனோபியோ வந்தபோது பட்டையின் இரு முனைகளும் ஒன்றையொன்று பார்த்தன, சேரவில்லை. காலோ பெட்டி ஒட்டும் டேப்பை எடுத்துவந்து மூன்று சுற்றுச் சுற்றினான். ஏற்றுமதிக்குத் தயாரான சரக்குப் போல ஆகிவிட்டது கை.

"லேபிளும் ஒட்டிடு," என்றார் செனோபியோ. மருமகளைப் பார்த்து, "ஏ நெரெய்தா, இதுக்குத்தானா அஞ்சு வருஷம் படிச்ச?"

"பேசாதீங்க மாமா. பேசினா ஏறும்."

நூற்றுத் தொண்ணூற்றாறு என்று காட்டியது மிஷின். அவர் எழுந்து ஓடினார், டேப்பின் ஒரு துண்டு கையிலேயே பறந்தது.

பல்கலைக்கழகப் படிவத்தில் பெயர், அடையாள அட்டை எண், பிரஷர், கையெழுத்து என்று கட்டங்கள். அடியில் சேவை நடந்த இடத்தின் முத்திரை. முத்திரை இல்லாவிட்டால் அந்த மணி நேரங்கள் நடக்கவே இல்லை. பத்துப் பேரில் ஏழு பேருக்கு நூற்று அறுபதுக்கு மேல் வந்திருந்தது. நெரெய்தா ஓரத்தில், "ஓய்வு தராமல், சிறிய பட்டையால் பார்த்தது" என்று பென்சிலால் எழுதினாள்.

இன்ஜினியர் அலுவலகத்தில் படிவத்தை வாங்கினார். மேலிருந்து கீழ் நிதானமாகப் படித்தார், அன்று அவர் நிதானமாகச் செய்த ஒரே காரியம் அதுதான். "ஒரு நகல் எனக்கு," என்றார்.

நோயாளியின் பிரஷர் எண்ணை மூன்றாம் ஆளிடம் தரக்கூடாது என்று இரண்டாம் வருடத்தில் ஒரு முழுப் பாடம் உண்டு. நெரெய்தா அதில் முதல் மதிப்பெண். "பேர் இல்லாம எழுதித் தரட்டுமா சார்?"

"பேர் இல்லாம நான் முத்திரை போட்டா நல்லா இருக்குமா?"

படிவம் ஒப்படைக்க வெள்ளிக்கிழமை கடைசி. அவளுடைய நூற்று அறுபது மணியில் இன்னும் எட்டு பாக்கி. காலோ அவள் முழங்கையை இடித்தான். நகல் மிஷின் வெளிச்சம் ஒரு முறை ஓடித் திரும்பியது. பென்சில் எழுத்து நகலில் விழவில்லை. முத்திரை மட்டும் அசலிலும் விழுந்தது, நகலிலும் விழுந்தது, அவரே இரண்டிலும் ஓங்கிக் குத்தினார்.

ஒன்பது நாள் கழித்து அடுத்த ஏற்றுமதி. காலை எட்டரைக்கே செனோபியோ தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றார். ஏற்றுமதி நாளில் அந்த நேரத்தில் அவரை அந்தத் தெருவே பார்த்ததில்லை. அல்பா வாழைக்காய் உருண்டையில் பாலாடைக்கட்டி வைத்துக்கொண்டிருந்தாள். அப்படியே கையை எடுத்தாள்.

"என்ன அண்ணே, உடம்பு சரியில்லையா?"

"உடம்பு சரியில்லைன்னு உன் பொண்ணுதான் எழுதிக் குடுத்திருக்கா. எங்க அவ?"

நெரெய்தா வெளியே வந்தாள். அவர் குரலை உயர்த்தவில்லை. அவர் கத்துகிறவர், அதனால் அது அவளைப் பயமுறுத்தியது.

"கேட்ல காவல்காரன் ஏழு பேரோட பேரை வாசிச்சான். பிரஷர் இருக்கிறவனை ஏத்துமதில சேத்தா கம்பெனிக்குக் கெட்ட பேராம். காப்பீட்டு ஆஸ்பத்திரில சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வரணுமாம். இருபத்தேழு வருஷமா எங்களைக் காப்பீட்டுல சேருங்கடான்னு கேட்டுக்கிட்டிருக்கோம். எந்த அட்டையைக் காட்டி நான் அந்த ஆஸ்பத்திரிக்குள்ள போறது? நீ சொல்லு. நீதான் படிச்சவ."

"மாமா, அந்த நம்பர் தப்பு. நான் ஓரத்துல எழுதி..."

"வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு வந்து சொந்த மாமன் கையைக் கட்டி அனுப்பிட்ட. டேப்பு போட்டு."

"அண்ணே, பிள்ளையை விடு," என்றாள் அல்பா.

"அவ விட்டாளா?" என்றவர் உருண்டையைத் தொடாமல் போய்விட்டார். தெருமுனையில் வாஷிங்டனின் மனைவி நெரெய்தாவின் வெள்ளைக் கோட்டு கொடியில் காய்வதைப் பார்த்து, அல்பாவுக்குக் கேட்கும்படி துப்பினாள்.

நெரெய்தா அந்த வாசலிலிருந்தே பஸ் ஏறினாள். டிபார்ட்மெண்ட் அலமாரியில் பெரிய பட்டை வாங்கி வந்த நாள் முதல் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. லேப்காரம்மா அதை ஞாயிற்றுக்கிழமைத் துணியைப் போலக் காப்பாற்றி வந்தாள்.

"கிழிஞ்சா யார் பொறுப்பு?"

"நான்."

"வேர்வை படுமா?"

"படும்."

"அப்ப முடியாது."

நெரெய்தா நகரவில்லை. மதியம் வரை அந்த மேசை முன்னாலேயே நின்றாள். சாப்பிடப் போக முடியாத லேப்காரம்மா கடைசியில் மூன்று காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மகளைக் கட்டிக்கொடுப்பவள் போல உறையை நீட்டினாள்.

மறுநாள் காலை தோட்டத்துக் கேட்டுக்கு எதிரில் இளநீர்க்கடைக்காரனிடம் ஏழு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கினாள். முதுகு உள்ள நாற்காலிகள். ஏழு பேரும் வந்தார்கள். அவளுக்காக அல்ல, கேட்டுக்கு முன்னால் நிற்கத்தான் வந்திருந்தார்கள்.

"இன்னொரு தரம் கட்ட வந்திருக்கா," என்றான் வாஷிங்டன். "இப்ப எந்த வேலையைப் பிடுங்கப் போற தாயி? எங்ககிட்ட வேற இல்லையே."

"அஞ்சு நிமிஷம் உக்காருங்க அண்ணே. அவ்வளவுதான். அப்புறம் திட்டுங்க."

உட்கார்ந்தார்கள். காலைத் தரையில் வைத்தார்கள். அந்த ஏழு பேரும் விழித்திருக்கையில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தது அவர்கள் வாழ்நாளிலேயே முதல்முறையாக இருக்கும். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்கள். இரண்டாம் நிமிடத்தில் ஒருவன் தூங்கிவிட்டான். சாலையில் போன பஸ் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்தது.

பெரிய பட்டை உட்கார்ந்தது, பிய்யவில்லை. வாஷிங்டனுக்கு நூற்று இருபத்தெட்டு. தூங்கினவனுக்கு நூற்றுப் பதினாறு. அடுத்தவனுக்கு நூற்று முப்பத்திரண்டு. ஆறு பேர் முடிந்தபோது வாஷிங்டன் படிவத்தை வாங்கித் தன் வரியை வெயிலில் பிடித்துப் பார்த்தான். பிறகு இளநீர் ஒன்றை அவள் பக்கம் தள்ளினான்.

செனோபியோ கடைசி. நெரெய்தா இரண்டு முறை பார்த்தாள். நூற்று எழுபத்திரண்டு, கீழே நூற்று ஆறு. மறுகையில் கட்டினாள். நூற்று எழுபது, நூற்று நாலு. ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்காமல் குனிந்திருந்தாள்.

"எவ்வளவு?"

"மாமா, தலை வலிக்குமா? பின்னங்கழுத்து?"

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"உங்களுக்கு நெஜமாவே இருக்கு. மாத்திரை ஆரம்பிக்கணும். இந்த வாரமே. இப்படியே பெட்டி தூக்கினா..."

செனோபியோ மற்ற ஆறு பேரையும் ஒரு தடவை பார்த்தார். குரல் அவள் காதுக்கு மட்டும் எட்டியது. "மாத்திரை நாளைக்குக் குடு, முழுங்கறேன். இன்னைக்கு அந்தக் கட்டத்துல வாஷிங்டன் நம்பரை எழுது."

"அது பொய் மாமா."

"அன்னைக்கு எழுதினது மட்டும்?"

பேனா முனை கட்டத்துக்கு மேல் நின்றது. படிவத்தில் ஏழாவது வரி மட்டும் வெறுமையாக இருந்தது. அவள் நூற்று இருபத்தெட்டு என்று எழுதினாள். கீழே எண்பத்திரண்டு. வாஷிங்டன் எட்டிப் பார்க்க, அவர் கையெழுத்துப் போட்டார், எழுத்துகள் பெட்டிகளைப் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன.

கேட்டில் காவல்காரன் அவளை நிறுத்தினான். இன்ஜினியர் கம்பிக்கு உள்பக்கம் வந்து நின்று காகிதத்தை வாங்கினார். உள்ளே முந்தின நாள் ஏற்றி முடியாத கண்டெய்னர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. குச்சிக் கை மூன்று பேரும், புதிதாக ஏழு குச்சிக் கைகளும். யாருக்கும் இருபது வயது தாண்டியிருக்காது. ஒருவன் பெட்டியை இறக்கும்போது கால் இடறி உட்கார்ந்து, உடனே எழுந்தான்.

"எல்லாருக்கும் நார்மல் சார். முறைப்படி பாத்தது."

"பாத்தது யாரு?"

"நான்."

"நீ மாணவி. மாணவி எழுதினதை வச்சு நான் ஆளை வேலைக்குச் சேக்க முடியுமா? நாளைக்கு எவனாவது விழுந்தா?"

"அன்னைக்கு எழுதினதும் நான்தானே சார். அதை வச்சுத்தானே நிறுத்தினீங்க?"

"அதுல முத்திரை இருக்கு," என்றார் இன்ஜினியர். காகிதத்தைக் கம்பி இடுக்கு வழியே திருப்பிக் கொடுத்தார். "இதுல இல்லை."

"அது உங்க முத்திரை சார்."

"ஆமா," என்றார் அவர், கோபமே இல்லாமல்.

அவள் திரும்பி வந்தபோது ஏழு பேரும் அவள் முகத்திலேயே படித்துவிட்டார்கள். இளநீர்க்கடைக்காரன் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தான்.

அப்போது மச்சாலாவிலிருந்து ஒரு திறந்த லாரி வந்து கேட் முன்னால் நின்றது. பின்னால் போர்வை போர்த்திய இரும்புப் பலகை, இரண்டு ஆள் உயரம், அடியில் இரண்டு கனத்த குழாய்க் கால்கள். அதை நட வந்த போர்டுக்காரன் இறங்கிச் சுற்றிச்சுற்றி வந்தான். அவனும் டிரைவரும் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார்கள். தூக்க நினைத்ததைப் பலகை கவனித்ததாகவே தெரியவில்லை.

"ஐயா, கொஞ்சம் கை குடுங்களேன். நாளைக்குச் சர்ட்டிபிகேட்காரங்க வர்றாங்களாம், இன்னைக்கே நட்டாகணுமாம்."

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, செனோபியோ லாரியின் வால்பக்கம் போய் நின்றார். முதுகைக் கொடுத்தார். மற்றவர்கள் தாமாக அவரவர் இடத்துக்கு வந்தார்கள், பெட்டி வரிசையில் நிற்பது போல. பலகை ஒரு பெருமூச்சு அளவு சத்தத்தோடு லாரியை விட்டு எழுந்தது.

காவல்காரன் கேட்டை அகலமாகத் திறந்துவிட்டான்.

"எங்களுக்குச் சர்ட்டிபிகேட் வேணாமாப்பா?" என்றான் வாஷிங்டன், பலகைக்கு அடியிலிருந்து.

"இது லோடு இல்லையே," என்றான் காவல்காரன். "சீக்கிரம், வண்டி வரப்போகுது."

உள்ளே குழி தயாராக இருந்தது. நிறுத்தினார்கள். போர்டுக்காரன் சிமெண்டைக் குழைத்து ஊற்றிவிட்டுப் போர்வையை உருவினான். சிவப்பு இதயம், ஒரு கார் அளவுக்கு. கீழே வெள்ளை எழுத்தில்: எங்கள் தொழிலாளரின் இதயம் எங்கள் பொறுப்பு.

"இறுகுற வரைக்கும் யாரும் கைய எடுத்துடாதீங்க. ஒரு முக்கால் மணி நேரம்." சொல்லிவிட்டு அவன் நிழலுக்குப் போனான்.

உச்சி வெயில். கனமான பக்கம் செனோபியோவின் தோளில் இருந்தது. கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்து, முகம் சுட்ட செங்கல் நிறமாகிவிட்டிருந்தது. நெரெய்தா கேட்டைத் தாண்டப் போனாள். காவல்காரன் குறுக்கே கையை நீட்டினான், அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா. விட்டுட்டு வாங்க. மாமா, நான் சொல்றது உங்களுக்குத் தெரியும்."

"விட்டா இவனுங்க மேல சாயும்டி," என்றார் அவர், பல்லைக் கடித்தபடி.

"வேற யாராவது அந்தப் பக்கம் மாறுங்களேன். வாஷிங்டன் அண்ணே."

"எதுக்கு?" என்றான் வாஷிங்டன். "அவருக்கும் எனக்கும் ஒரே நம்பர்தானே?"

நெரெய்தா வாயைத் திறந்தாள். செனோபியோ அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் மூடிக்கொண்டாள்.

அலுவலகத்திலிருந்து இன்ஜினியர் கேமராவோடு வந்தார். பின்னால் நாலடி போனார், இடதுபக்கம் இரண்டடி நகர்ந்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லா இருக்கு. அப்படியே நில்லுங்க. செனோபியோ, நீ மட்டும் கொஞ்சம் குனிஞ்சுக்கோ, தலை எழுத்தை மறைக்குது."

செனோபியோ தோளை எடுக்காமல் தலை குனிந்தார்.